கூராலா கிளப்பில் குனிந்தவர்கள்

கூராலா பௌல்ஸ் கிளப்பில் ராய்ஸ் பானர்மன் மைக்கைப் பிடிக்கிறார் என்றால் இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். இறைச்சித் தட்டைப் பரிசாக வைக்கும் குலுக்கலில் ஆட்டுத் தொடை யாருக்கு விழுந்தது என்று சொல்வதற்கு. அல்லது உறுப்பினர்களின் உயிரைக் காப்பாற்றுவதற்கு. இரண்டாயிரத்துப் பத்து மே மாதத்தின் அந்தப் புதன்கிழமை சாயங்காலம், இரண்டாவது காரணத்துக்காகப் பிடித்திருந்தார்.

அவருக்குப் பின்னால் சுவரில் புதிய முப்பரிமாணத் தொலைக்காட்சி தொங்கியது. பெட்டி பிரித்து இரண்டு நாள்தான் ஆகிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர்களுடைய குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் ரக்பி. இந்த வருடம் ஆட்டத்தை முப்பரிமாணத்தில் காட்டப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்த அன்றே தலைவர் ராய்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார், பொருளாளர் கோரலி வழிமொழிந்தாள், கமிட்டி கை தூக்கியது. இப்போது நாற்பது பேர் குயின்ஸ்லாந்தின் சிவப்புச் சட்டையில், கையில் பியரோடு, பந்து திரையை விட்டு வெளியே வந்து மடியில் விழுவதற்காகக் காத்திருந்தார்கள். ராய்ஸோ தொலைக்காட்சியோடு வந்த புத்தகத்தின் எச்சரிக்கைப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். முப்பது வருடம் நகராட்சி அலுவலகத்தில் இருந்தவர். எச்சரிக்கை என்ற சொல்லைப் பார்த்தாலே அவருக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

கர்ப்பிணிகள் பார்க்கக் கூடாது என்று வாசித்தார். கூட்டத்திலேயே இளையவள் கோரலி, அவளுக்கே ஐம்பத்தெட்டு. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முதியவர்கள் பார்க்கக் கூடாது என்றார். யாரந்த முதியவர் என்று ஆளாளுக்கு அக்கம்பக்கம் தேடினார்கள். தூக்கம் போதாதவர்கள், உடம்பு சுகமில்லாதவர்கள், குடும்பத்தில் வலிப்பு நோய் உள்ளவர்கள் என்று அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் மது அருந்தியவர்கள் என்றார்.  நாற்பது பேரும் கையிலிருந்த கிளாஸை ஒருமுறை பார்த்தார்கள். வைக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. பட்டியல்படி பார்த்தால் அந்தக் கூடத்தில் தொலைக்காட்சி பார்க்கத் தகுதி உள்ள ஒரே ஜீவன், வாசலில் படுத்திருந்த, கமிட்டி உறுப்பினர் கிளைவின் நாய்தான். நாள் முழுக்க நன்றாகத் தூங்கியிருந்தது, ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை.

பார்த்தால் என்னென்ன வரும் என்பதையும் ராய்ஸ் விட்டுவைக்கவில்லை. தலைசுற்றல், குமட்டல், கண் துடிப்பு, தசைப்பிடிப்பு, இடம் வலம் தெரியாத தடுமாற்றம். ஒவ்வொன்றையும் ஆட்டுத் தொடை விழுந்தவரின் பெயரை வாசிப்பதுபோல் நிறுத்தி வாசித்தார். பிறகு, "என் சொந்தப் பொறுப்பில் பார்க்கிறேன்" என்ற தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். மாடிப்படி அருகில் பார்க்கக் கூடாது என்று புத்தகம் சொன்னதால், கிளப்பில் இருந்த ஒரே ஒரு படியின் மேல் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை வைத்தார். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு பேர் அந்தக் கூம்பில் தடுக்கி விழப் பார்த்தார்கள்.

கூட்டத்தின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நெவில் ஸில்மனுக்கு இதில் எல்லாம் கவனம் இல்லை. அவர் மனது சனிக்கிழமையில் இருந்தது. சர்க்கரை ஆலையில் லாரி எடை போடும் வேலையில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். புல்தரையில் உருண்டை உருட்டி ஆடும் பௌல்ஸில் இருபது வருடமாக நடுவர். இரண்டு உருண்டைகளில் எது அந்தச் சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கம் என்று ஆட்டக்காரர்கள் அடித்துக்கொள்ளும்போது, முழங்கால் போட்டு உட்கார்ந்து, அளவு நாடாவை இழுத்து, தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. சட்டைப் பையில் நடுவர் பேட்ஜ், கால்சட்டைப் பையில் நாடா. சனிக்கிழமை நடக்கும் மாவட்ட இறுதியாட்டத்துக்கு அவரை நடுவராகப் போட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் சொந்தப் புல்தரையில்.

கண்ணாடிகள் எட்டுதான் வந்திருந்தன. அதனால் சமையலறையிலிருந்து முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முறை போட்டார்கள். காத்திருந்தவர்கள் வெறும் கண்ணோடு பார்த்தார்கள். படம் பளிச்சென்று தெரிந்தது. நல்ல சாமான் என்றால் கண்ணாடி இல்லாமலே இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று ராய்ஸ் பெருமைப்பட்டுக்கொண்டார்.

முதல் எட்டுப் பேர் கண்ணாடி மாட்டினார்கள். பந்து ஒன்று காற்றில் எழும்பி கேமராவை நோக்கி வந்தது. எண்பத்தொரு வயது கிளைவ், கரும்புத் தோட்டத்தில் பாம்போடு வாழ்ந்த மனிதர், தலையைக் குனிந்தார் பாருங்கள், நாற்காலியோடு பின்பக்கம் சாய்ந்தார். கோரலி வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள். ஒருவருக்குக் கண் துடித்தது. இன்னொருவருக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. ராய்ஸ் எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

மணி அடித்தது. நெவ்வின் முறை. கண்ணாடியை மாட்டினார்.

கொஞ்சம் இருட்டாயிற்று. அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் எப்போதும்போல் சுவரில் ஒட்டிய மாதிரி ஓடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பந்து வந்தது. அவர் வரிசையில் ஏழு தலைகள் குனிந்தன. நெவ் ஒரு நொடி நிமிர்ந்தே இருந்தார். பிறகு எட்டாவது தலையாகக் குனிந்தார். அடுத்த பந்துக்குச் சீக்கிரம் குனிந்துவிட வேண்டும் என்று பக்கத்து ஆளையே பார்த்துக்கொண்டிருந்ததில், விளம்பர இடைவேளையில் ஒருமுறை குனிந்துவிட்டார்.

குயின்ஸ்லாந்து ஜெயித்தது. நெவ் கை தட்டினார். ராய்ஸ் ஆட்டத்தைப் பார்க்காமல் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை சமையலறையில் நெவ் இடது கண்ணை மூடிக்கொண்டு டீ ஊற்றிப் பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். அவர் மனைவி டெஸ்லி, கிளப்பின் பாரையும் சமையலறையையும் ஆள்பவள், கொஞ்ச நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெவ், டீயக் கப்புலதான் ஊத்தணும். மேஜைக்குத் தாகம் இல்ல."

அவளிடம் சொல்லவேண்டியதாயிற்று. நாற்பது பேருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை, கண்ணில் ஏதோ கோளாறு, இவ்வளவு வருடம் கண்ணில்லாமலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது என்றார். டெஸ்லி தானும் பார் வேலையில் கண்ணாடி மாட்டவே இல்லை என்றாள்.  துணியை எடுத்து மேஜையைத் துடைக்கச் சொன்னாள்.

பதினோரு மணிக்கு நெவ் கிளப்புக்குப் போய், அறிவிப்புப் பலகையில் ராய்ஸ் கட்டம் போட்டு ஒட்டியிருந்த எச்சரிக்கைப் பட்டியலை வரிவரியாகப் படித்தார். எதிலாவது ஒன்றில் தானும் அடக்கம் என்று சொல்லிவிட்டால் இனி கண்ணாடி மாட்டாமல் தப்பிக்கலாம். கர்ப்பம் சரிப்படாது. குடி என்று எழுதினால் நடுவர் பேட்ஜ் அன்றே போய்விடும். வலிப்பு வீட்டில் யாருக்கும் இல்லை. டெஸ்லியின் அண்ணனுக்கு இருப்பதாகச் சொல்லலாம், ஆனால் அவன் இதே கிளப்பில்தான் பந்து உருட்டுகிறான். முதுமை ஒன்றுதான் மிச்சம். ஆனால் அந்தக் கட்டத்தில் கிளைவே "பொருந்தாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எண்பத்தொன்றுக்குப் பொருந்தாதது அறுபத்தாறுக்குப் பொருந்தினால் ஊரில் தலை காட்ட முடியாது.

பின்னாலிருந்து ராய்ஸின் கை தோளில் விழுந்தது. குரலில் அனுதாபம் வழிந்தது.

"நேத்து நீ கவனிச்சியோ என்னவோ, நெவ், நான் கவனிச்சேன். எல்லாரும் குனிஞ்ச பிறகுதான் நீ குனியற."

"கழுத்து கொஞ்சம் பிடிப்பு."

"பேப்பர்ல போட்டிருக்கான். ரெண்டு கண்ணும் சேந்து வேலை செய்யலைன்னா இது தெரியாதாம். ஆழம் தெரியாத கண்ணு. அந்தக் கண்ண வச்சுக்கிட்டு எது பக்கம், எது தூரம்னு எப்படிய்யா சொல்லுவ?"

"நான் கண்ணால சொல்றதில்ல ராய்ஸ். நாடாவால சொல்றேன்."

"நாடாவப் படிக்கிறதும் கண்ணுதானே," என்றார் ராய்ஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரக் கூட்டம் என்றும், அதற்குள் டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றும், எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து ஊர் நடுவரிடம் போனில் சொல்லிவைத்திருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து ஊர் என்றால் இறுதியாட்டத்தில் எதிர்த்து ஆடப்போகிற ஊர். அதெல்லாம் ராய்ஸுக்குப் பெரிதில்லை. நடைமுறை என்று ஒன்று கிடைத்துவிட்டால், அதற்காகத் தன் கிளப்பையே தோற்கடிக்கத் தயங்காத மனிதர்.

வெள்ளிக்கிழமை காலை நெவ்வும் டெஸ்லியும் ஒரு மணி நேரம் காரோட்டி பண்டபெர்க்குக்குப் போனார்கள். கண் பரிசோதிக்கிற பெண்ணின் பெயர் எலெனி. அவள் நெவ்வைக் கறுப்புக் கண்ணாடி மாட்டச் சொல்லி, ஒரு பெரிய ஈயின் படத்தை நீட்டி, அதன் இறக்கையைப் பிடிக்கச் சொன்னாள். நெவ் கையை நீட்டினார். இறக்கை தாளுக்கு மேலே, காற்றில் நின்றது. விரல் தானாகப் பின்வாங்கியது. எலெனி இன்னும் நாலு படங்களைக் காட்டினாள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். இந்த வயதில் இப்படி ஒரு ஜோடிக் கண் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று சொல்லி, அவள் சான்றிதழை எழுதத் தொடங்கினாள். நெவ்வுக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை. அப்படியானால் புதன்கிழமை ஏன் தெரியவில்லை என்று கேட்டார்.

எலெனி பேனாவை நிறுத்தினாள்.

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தப்ப படம் எப்படி இருந்துச்சு? ரெட்டை ரெட்டையா, கலங்கலா?"

"இல்லையே. பளிச்சுன்னு இருந்துச்சு. எல்லாரும் அதத்தான் பாராட்டினாங்க."

"முப்பரிமாணமா இருந்தா வெறுங்கண்ணுக்கு ரெட்டையாத்தான் தெரியும். நீங்க பாத்தது சாதாரணப் படம். அந்த ஒளிபரப்பு பிரிஸ்பேன் மாதிரி சில பெரிய ஊருக்கு மட்டும்தான். அஞ்சு மணி நேரம் வடக்க, உங்க ஊருக்கெல்லாம் வராது." சிரிப்பை அடக்க அவள் படாத பாடுபட்டாள். "யாராவது குனிஞ்சாங்களா என்ன?"

நெவ் சன்னலுக்கு வெளியே பார்த்தார். டெஸ்லிதான், ஒருத்தர் நாற்காலியோடு விழுந்தார் என்று சொன்னாள்.

 திரும்பி வரும் வழியில் டெஸ்லி, சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இரு என்றாள். கிளைவ் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு இரண்டு நாளாக மருமகளிடம் சூப் வாங்கிக் குடிக்கிறார். கோரலி குமட்டலைச் சொல்லி அடுப்புப் பக்கமே போகவில்லை, புருஷன் கடையில் வாங்கித் தின்று காலம் தள்ளுகிறான். ராய்ஸின் படம் உள்ளூர்ப் பேப்பரில் வந்திருக்கிறது. மாநிலச் சங்கத்துக்கு ஆறு பக்க அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார்.

"சும்மா ஒரு டிவியப் பாத்து வாந்தி எடுத்தோம்னு தெரிஞ்சா அவங்க எல்லாரும் ராய்ஸ மன்னிச்சிடுவாங்க, நெவ். உன்ன மன்னிக்க மாட்டாங்க."

நெவ்வும் சரி என்றுதான் தலையாட்டினார். அவருக்குத் தேவை சனிக்கிழமை. நாடாவோடு அந்தப் புல்தரையில் முழங்கால் போட வேண்டும், அவ்வளவுதான். உண்மை யாருக்கு வேண்டும்.

ஆறு மணிக்குக் கூட்டம். ராய்ஸ் சான்றிதழை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு மடித்து வைத்தார். தனிப்பட்ட முறையில் தனக்கு நெவ்வின் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் பண்டபெர்க்கில் ஒரு சின்னப் பெண், இன்னொரு பக்கம் கையெழுத்துப் போட்டு, கண்ணால் கண்டு, உடம்பால் அனுபவித்த நாற்பது பேர். கிளப் யாரை நம்புவது? திரையை விட்டு வெளியே வருவது யார் கண்ணுக்குத் தெரியவில்லையோ, அவர் இந்தக் கிளப்பில் எந்தப் பொறுப்பிலும் இருக்கக் கூடாது என்று விதியாகவே போட்டுவிடலாம் என்றார். கோரலி வழிமொழிந்தாள். கைகள் எழுந்தன. கழுத்துப் பட்டையால் கிளைவுக்கு மட்டும் கை முழுதாக மேலே போகவில்லை.

விதி நிறைவேறியது. ராய்ஸ் பேட்ஜுக்காகக் கையை நீட்டினார். நெவ் பாரின் பக்கம் பார்த்தார். டெஸ்லி ஒரு கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தி, சொல்லித் தொலை என்பதுபோல் தோளைக் குலுக்கினாள்.

நெவ் எழுந்து, ஆட்டத்தில் பேசுகிற அதே அடங்கிய குரலில், ஒரே ஒரு கேள்வி கேட்டார். புதன்கிழமை கண்ணாடி இல்லாமல் காத்திருந்தபோது படம் யாருக்காவது இரட்டையாகத் தெரிந்ததா? யாருக்கும் தெரியவில்லை. பளிச்சென்று இருந்ததாகக் கோரலி அழுத்திச் சொன்னாள். நெவ் எலெனி சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல், ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார். நானும்தான் குனிந்தேன் என்பதையும் சேர்த்துக்கொண்டார், விளம்பரத்துக்குக் குனிந்தது உட்பட.

 கோரலிதான் முதலில், தனக்கு அப்போதே தெரியும் என்றாள். அது தொலைக்காட்சி இல்லை, இறால்.

"என் இறாலப் பத்தி ஒரு வார்த்தை பேசாத கோரலி," என்றாள் டெஸ்லி. "ரெண்டு தட்டு தின்னவ நீ."

கிளைவ், அந்த நாற்காலியின் கால் ஆடுகிறது என்று மார்ச் மாதமே தான் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். கண் துடித்தவருக்கு ஏற்கனவே துடிக்கிற கண்ணாம். கெண்டைக்கால் பிடித்தவர் அன்று காலையில் புல் வெட்டியிருந்தாராம். ஐந்து நிமிடத்தில், கூராலா கிளப்பில் விஷயம் தெரியாமல் இருந்த ஒரே ஆள் நெவ் ஸில்மன்தான் என்று ஆகிவிட்டது. ராய்ஸ் ஆறு பக்க அறிக்கையைக் கோப்புக்குள் செருகினார். ஆனால் முப்பது வருட நகராட்சி அவ்வளவு சீக்கிரம் விழுந்துவிடாது. புதன்கிழமை படம் தட்டையானது என்றால் நெவ்வின் கண் பற்றி எதுவும் நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான், விதி விதிதான், முறையாகச் சோதிக்க வேண்டும் என்றார்.

தொலைக்காட்சியோடு கடல் மீன்களைப் பற்றிய ஒரு முப்பரிமாண வட்டு வந்திருந்தது. அதன் பிளாஸ்டிக் உறையையே யாரும் பிரித்திருக்கவில்லை. அதை எப்படிப் போடுவது என்பது புத்தகத்தில் எச்சரிக்கைக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. ராய்ஸ் அதுவரை போகவில்லை. நெவ்வே படித்து, ஓடவிட்டார். கமிட்டியின் ஏழு பேரும் நெவ்வும் கண்ணாடி மாட்டி முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

"இங்கேருந்து பாத்தா எல்லாம் ரெட்டை ரெட்டையா, கண்றாவியா இருக்கு," என்றாள் டெஸ்லி, பாரிலிருந்து.

பச்சைத் தண்ணீர். பாறை. பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய காட் மீன் மெதுவாகத் திரும்பியது, வாயைத் திறந்தது, திரையை விட்டுக் கிளம்பியது. நெவ்வின் மூக்குக்கு நேராக வந்தது. அவர் தன்னை அறியாமல் குனிந்தார். இந்தத் தடவை யாரையும் பார்க்காமல், சரியான நேரத்துக்கு.

மற்ற ஏழு பேரும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடவை ஏமாந்தது போதாதா. கிளைவின் இரண்டு கருவிழிகளும் மூக்கின் நுனியில் வந்து சந்தித்தன, கழுத்து அசையவில்லை. கோரலி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. ராய்ஸின் நெற்றியில் வியர்வை. விளக்கைப் போட்டதும், தட்டை என்றார் கிளைவ். சுத்தத் தட்டை என்றாள் கோரலி. நெவ் மறுபடி தட்டைப் படத்துக்குக் குனிந்திருக்கிறார் பாவம் என்று ராய்ஸ் சிரித்தார்.

நெவ் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேஜையில் வைத்தார்.

"அப்ப சரி. வெளிய வர்றது யாருக்குத் தெரியலையோ அவங்க எந்தப் பொறுப்புலயும் இருக்கக் கூடாதுன்னு இப்பதான் விதி போட்டோம். தலைவர், பொருளாளர், மொத்தக் கமிட்டி. குறிப்பேட்டுல எழுதிடு ராய்ஸ். எழுத்து நல்லா இருக்கும், நீயே எழுது."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை பியரோடு விழுங்கி இருமினார்கள். ராய்ஸ் பேனாவைத் திறந்தார். மூடினார். விதியின் ஒவ்வொரு சொல்லும் அவர் போட்டது; அதில் நுழைந்து வெளியே வர ஒரு ஓட்டைகூட விட்டுவைத்திருக்கவில்லை.

"இப்ப யோசிச்சுப் பாத்தா," என்றார் கிளைவ் மெதுவாக, "அந்த மீனோட வால் மட்டும் கொஞ்சம்..."

"வாய்கூட," என்றாள் கோரலி. "லேசா."

"நான் முதல்லயே பாத்தேன்," என்றார் ராய்ஸ். "தலைவரா இருக்கறவன் பதட்டப்படக் கூடாதுன்னு அசையாம இருந்தேன். நல்லாவே வெளிய வந்துச்சு."

நெவ் சட்டையில் பேட்ஜைச் சரிசெய்துகொண்டார். பிறகு கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு நாடாவை எடுத்து, நுனியைத் திரையில் வைத்து, மறு நுனியை இழுத்துக்கொண்டே ராய்ஸின் மூக்கை நோக்கி நடந்தார்.

"எங்க வரைக்கும் வந்துச்சுன்னு சொல்லு ராய்ஸ், அளந்துடலாம்."